சொல் பிறந்த ஆண்டு மட்டும் போதுமா? எட்டிமான்லைனும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும்

பழைய ஆங்கில உரைநடையை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இன்றைய அகராதி பாதி தூரம்தான் துணைக்கு வரும். அந்த நூல் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்? இதற்கு இலவசமாக எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதித் தளம் இருக்கிறது. சந்தா கட்டினால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இருக்கிறது. இரண்டையும் புழங்கிப் பார்த்துவிட்டு நான் சந்தா கட்டினேன்.

எட்டிமான்லைன், டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தனி ஆளாகத் தொடங்கிய தளம். அருமையான உழைப்பு. 'நைஸ்' என்று தேடினால் 'அறியாத' என்ற பொருளுள்ள லத்தீன் வேரில் ஆரம்பித்து, 'மடத்தனமான', 'நுணுக்கம் பார்க்கிற' என்று நகர்ந்து, 1769இல் 'இனிமையான' என்ற இடத்துக்கு வந்து சேரும். எல்லாம் ஒரே பத்தியில். வேர் தெரிந்தால் போதும் என்கிறவர்கள் காசு செலவழிக்கவே வேண்டாம்.

ஆனால் அது பெரும்பாலும் ஒரு பொருள் எப்போது பிறந்தது என்பதைத்தான் சொல்கிறது. பழைய பொருள் எப்போது வழக்கொழிந்தது என்பதை அதே அளவுக்குச் சொல்வதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். 'மீட்' (meat) என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் பொதுவாக உணவு என்றுதான் பொருள். இறைச்சி என்ற பொருள் 1300 வாக்கில் வந்துவிட்டது. அந்த ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளைத் திறந்தால் தடுமாறிப் போவோம். ஆதியாகமம் 1:29இல் கடவுள் மனிதனுக்கு விதை தரும் பூண்டுகளையும் மரக்கனிகளையும் 'மீட்' ஆகக் கொடுக்கிறார்! புதுப் பொருள் வந்து 300 ஆண்டுகள் கழிந்தும் பழையது உயிரோடுதான் இருந்திருக்கிறது.

பேரகராதியில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் நிற்கும். எந்தக் காலத்தில் எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து வழங்கின என்பது கண்ணுக்கே தெரியும். வழக்கொழிந்த பொருளுக்குக் குறுவாள் குறி (†) உண்டு. 1857இல் திட்டமிட்டு, 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல்தான் முதல் பதிப்பு முடிந்தது. தன்னார்வலர்கள் நூல்களைப் படித்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்கள்தான் அதற்கு அடித்தளம். எட்டிமான்லைனே 'நைஸ்' பதிவில், 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் அதை எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று பிரித்தறிவது கடினம் என்ற குறிப்பை இங்கிருந்துதான் எடுத்துத் தருகிறது.

பேரகராதியில் குறையும் இருக்கிறது. சந்தா மலிவு இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து இணையத்தில் திருத்திக்கொண்டு வருகிறார்கள்; வேலை இன்னும் முடியவில்லை. அதனால் சில பதிவுகள் பழையபடியே கிடக்கின்றன. திருத்தப்பட்ட ஆண்டைப் பதிவிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்துக்கும் (Old English) முந்தைய வேர்களில் எனக்குப் பயிற்சி குறைவு. அந்த விஷயத்தில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மெரியம் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி ஒரு சொல்லின் முதல் வழக்கின் ஆண்டைத் தருகிறது, ஆனால் இந்த வேலைக்குப் போதாது.

சரி, சந்தா கட்ட முடியாதவர்கள்? பேரகராதியின் சுருக்கமான ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டு தொகுதிகளாக அச்சில் வந்திருக்கிறது. மேற்கோள்கள் மிகக் குறைவுதான். ஆனாலும் ஒரு பொருள் எந்த நூற்றாண்டில் தொடங்கியது என்பதோடு, வழக்கொழிந்த பொருள் எந்த நூற்றாண்டோடு நின்றது என்பதையும் சுருக்கக் குறியில் தந்துவிடுகிறது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.