பழைய கார் ஏசி: கேஸ் ஏற்றுவதா, லீக்கை அடைப்பதா?

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய முதல் கோடையிலேயே பலருக்கு இந்தக் குழப்பம் வந்துவிடும். ஏசி போட்டால் வெறும் காற்றுதான். ஒரு கடையில், "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திட்டா சரியாயிடும்" என்பார்கள். அரை நாள் வேலை, செலவும் குறைவு. இன்னொரு கடையில், "லீக் பார்க்கணும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்பார்கள்.

என் ஓட்டு இரண்டாவது கடைக்குத்தான். ஏசியைக் குளிர்விக்கும் கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். ரப்பர் ஹோஸ் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் போவது சகஜம். பல வருடம் கை வைக்காத வண்டிக்கு ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றியது சில மாதத்தில் போனால் மறுபடி ஏற்றாதீர்கள். கேஸோடு ஆயிலும் வெளியேறும். ஆயில் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் (கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்) தேய்ந்து, இரும்புத் துகளைக் குழாயெங்கும் கக்கும். அதன்பின் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்), எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் பாகம்) வரை மாற்றவேண்டி வரும்.

எப்படி ஏற்றினாலும் முதலில் வேக்கம் போட்டு, அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பானட்டுக்குள் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடை போட்டே ஏற்றச் சொல்லுங்கள். அளவு கூடினாலும் குளிர்ச்சி குறையும்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? முதலில் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். காற்றே மெதுவாக வந்தால் கேபின் ஃபில்டர் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் கேஸ் தேவையில்லை.

கசிவு கூலிங் காயிலில் (உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) என்றால் பெரும்பாலும் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். காயில் விலையைவிடக் கூலி கடிக்கும் வேலை இது. அதனால் மலிவு காயில் வேண்டவே வேண்டாம், ஒரிஜினலே போடுங்கள்.

ஹீட்டர் கதை வேறு. கார்பெட் நனைந்து, இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் ஹீட்டர் கோர் (இன்ஜினின் சூடான கூலண்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் பாகம்) ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் ஏசி டிரெயின் (ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய்) அடைப்பாக இருக்கும். கோரை மாற்றாமல், அதற்குப் போய்வரும் ஹோஸ் இரண்டையும் இணைத்து பைபாஸ் செய்வது சென்னைக்காரருக்குப் போதும். அப்படிச் செய்தால் கூலண்ட் ஒழுகிக் குறைவதும், அதனால் இன்ஜின் சூடாவதும் நின்றுவிடும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர் மாற்றியே ஆகவேண்டும். அங்கே குளிர்கால இரவில் கண்ணாடிப் பனியை விலக்க ஹீட்டர் வேண்டும். பெரும்பாலான கார்களில் கூலிங் காயிலும் ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. டேஷ்போர்டு இறங்கும் அன்றே கோரையும் பார்த்துவிடச் சொன்னால் ஒரு கூலி மிச்சம்.