திருமலையிலிருந்து ஓர் எச்சரிக்கை: சோதனைப் படத்தைக் காட்டிக் காசு வாங்கிப் போய்விட்டார்கள்

தம்பலகாமத்தில் மாமாவுக்கு ஒரு அரிசி ஆலை இருக்கிறது. தீட்டி வரும் அரிசியில் குறுணல் எவ்வளவு என்று இன்னும் கையால் அள்ளி, தட்டில் பரப்பித்தான் பார்க்கிறோம். சரிவுத் தகட்டில் அரிசி வழிந்து விழும் இடத்தில் ஒரு லைன் ஸ்கேன் கமரா (ஒவ்வொரு கோடாகப் படம் எடுப்பது) வைத்தால் கம்பியூட்டரே எண்ணிச் சொல்லும் என்று நான்தான் மாமாவைச் சம்மதிக்க வைத்தேன். பெரும்போக நெல் வாங்க வைத்திருந்த காசிலிருந்து 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் எடுத்துத் தந்தார். இப்போது ஆலையில் படம் தராத ஒரு கமராவும், அதற்குப் பொருந்தாத ஒரு பிரேம் கிராபர் கார்டும் (கமரா அனுப்புவதைக் கம்பியூட்டருக்குள் படமாக எடுக்கும் கார்ட்) கிடக்கின்றன. இதே சாமான் இன்னொருவர் தலையில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விற்றவர் கொழும்பில் பாவித்த தொழிற்சாலைச் சாமான்களை இறக்கி விற்பவர். கமரா, கார்ட், இரண்டு கேபிள், எல்லாம் ஒரே செட், கழற்றிய இடத்தில் ஒன்றாகவே ஓடியது என்றார். பார்த்தால் சந்தேகம் வராது. கமராவின் பின்பக்கத்தில் 26 பின் சொக்கற் இரண்டு, கார்டிலும் அதே சொக்கற் இரண்டு. கேபிளைச் செருகினால் கச்சிதமாக இறுகுகிறது.

சிக்கல் இருந்தது அங்கேதான். கமரா லிங்க் என்ற இந்த இணைப்பு முறை 2000ஆம் ஆண்டில் வந்தது. அதில் பேஸ், மீடியம், ஃபுல் என்று மூன்று நிலை உண்டு. பேஸ் என்றால் ஒரே கேபிள், செக்கனுக்கு 255 மெகாபைட் வரை. மீடியத்துக்கும் ஃபுல்லுக்கும் இரண்டு கேபிள் வேண்டும். ஃபுல்லில் 680 மெகாபைட் வரை போகும். எங்களுக்குத் தந்த கமரா ஃபுல். கார்டோ 'டுவல் பேஸ்'. அதாவது இரண்டு தனித்தனி பேஸ் கமராக்களை ஒரே நேரத்தில் பிடிப்பதற்கான கார்ட். சொக்கற் இரண்டு இருப்பது அதற்காகத்தான். ஒரு கமராவின் இரண்டு கேபிளையும் சேர்த்து ஒரு படமாக்க அந்தக் கார்டால் முடியாது. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மாதிரி (மொடல்) இலக்கம் ஒன்றுதான் சொல்லும். எங்கள் கார்டில் அந்த இலக்கம் இருந்த ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. பழைய சாமான், உரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூட்டித் தர அவருடைய ஆள் ஒருவர் வந்தார். மதியத்துக்குள் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் சாய்வாக, அலை அலையாக ஓடத் தொடங்கின. "பாருங்க ஐயா, படம் வந்திட்டுது. லைட்டைப் போட்டு லென்ஸைச் சரிப்படுத்தினால் அரிசி தெரியும்" என்றார் மாமாவிடம். மாமாவுக்குச் சந்தோஷம். மிச்சக் காசையும் கையில் கொடுத்து, சோறும் கொடுத்து அனுப்பினார்.

பின்னேரம் லென்ஸின் முன்னால் கையை வைத்தேன். கோடுகள் மாறவில்லை. மூடியைப் போட்டேன், அப்போதும் அதே அலை. கடைசியில் இரண்டு கேபிளையும் கழற்றி மேசையில் வைத்தேன். கமராவே இல்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது! அது கார்ட் தனக்குள்ளேயே உருவாக்கும் சோதனைப் படம். மென்பொருளும் கார்டும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்காகச் சில கார்ட்களில் அந்த வசதி இருக்கும். அதைத் தெரிந்தேதான் அவர் போட்டுக் காட்டியிருக்கிறார். அதை நிறுத்திவிட்டுக் கமராவிலிருந்து எடுத்தபோது வந்தது ஒன்றோடொன்று நசுங்கிய கோடுகள்தான். ஃபுல் கமரா ஒரே துடிப்பில் எட்டுப் புள்ளிகளை அனுப்பும். அதில் மூன்று மட்டுமே முதல் கேபிளில் வருகின்றன, கார்ட் ஒரு படமாக எடுத்தது அவற்றை மட்டும்தான்.

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டால், "தம்பி, உங்கட கம்பியூட்டர்தான் பிழை, மதர்போர்டை மாத்துங்க" என்றார். நம்பி அதையும் மாற்றினேன். மதர்போர்டில் கார்டைச் செருகும் துளையில் தரவு போகும் பாதைகள் எத்தனை உண்மையில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதுவரை பார்த்தேன். எல்லாம் சரி. படம் அதே நிலைதான்.

இதில் எனக்கு அதிகம் நோவது வேறொன்று. எங்கள் தகட்டின் அகலம் 40 சென்டிமீற்றர். அரிசி செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகத்தில் விழுகிறது. 0.1 மில்லிமீற்றர் நுணுக்கம் போதும். அப்படியானால் ஒரு கோட்டுக்கு 4096 புள்ளி, செக்கனுக்கு 20,000 கோடு, மொத்தம் செக்கனுக்கு 82 மெகாபைட் அளவு. இதற்கு நெட்வேர்க் வழியே படம் அனுப்பும் ஜிக்-ஈ விஷன் கமரா ஒன்று போதும். பிரேம் கிராபரே தேவையில்லை. சாதாரண நெட்வேர்க் கேபிளில் 100 மீற்றர் வரை கொண்டுபோகலாம். கமரா லிங்க் கேபிளோ 10 மீற்றரோடு சரி, வேகம் கூடினால் அதுவும் குறையும். தவிட்டுத் தூசிக்குப் பயந்து கம்பியூட்டரைத் தள்ளி வைக்க வேண்டிய எங்களைப் போன்ற ஆலைக்கு எது நல்லது? விற்றவர் என்ன வேகம், என்ன தூரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் இருந்ததைத் தள்ளிவிட்டார்.

கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். பற்றுச்சீட்டை எடுத்து நீட்டியபோது அவர் அதைப் படித்துக் காட்டினார்: "கமரா செட் 1, பாவித்தது." அவ்வளவுதான். மாதிரி இலக்கம் இல்லை, ஃபுல் என்றோ பேஸ் என்றோ இல்லை. எழுதி வாங்காதது என் பிழை, அதை மறைக்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் கமரா, கார்ட் இரண்டின் இலக்கத்தையும், 'இந்தக் கமராவை இந்தக் கார்ட் எந்த நிலையில் பிடிக்கும்' என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். படம் காட்டினால் லென்ஸின் முன்னால் உங்கள் கையை ஆட்டிப் பாருங்கள். கை திரையில் தெரியும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறேன். அவர்களுடைய அவசர இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நாட்களைக் கடத்திக்கொண்டு இருக்காதீர்கள்.

காசைத் திருப்பித் தர அவர் சம்மதிக்கவில்லை. 40 ஆயிரத்துக்குக் கார்டை மட்டும் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வேற ஆளுக்குப் போகும்" என்றார். நான் கொடுக்கவில்லை. வெளியே வரும்போது அவருடைய தட்டில் அதே பச்சை நிறக் கார்ட் இன்னும் இரண்டு இருந்ததைக் கண்டேன். இரண்டிலும் ஸ்டிக்கர் இருந்த இடம் சுரண்டியிருந்தது.