மில் நடத்தும் டெங்கு தடுப்பு: வீடு தேடி வருகிற அக்காக்களுக்கு முழு மார்க், கொசுப் புகை அடிக்கிற வண்டிக்கு இல்லை

பல்லடம் பக்கம் எங்கள் ஊரிலும் சுத்துப்பட்டிலும் ஒரு நூல் மில் தன் செலவில் டெங்கு தடுப்பு வேலை செய்கிறது. பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாரம் ஒரு தடவை இரண்டு அக்காக்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் என்பதால் யாரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. இங்கே நல்ல தண்ணீர் தினமும் வராது, வருகிற நாளில் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைப்போம், டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டை போடத் தேடுவதும் அதே தண்ணீரைத்தான். வந்த அக்கா டிரம்முக்குள் டார்ச் அடித்து, ஒரு வெள்ளைக் கப்பில் மொண்டு காட்டினார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிகிற புழுக்கள்! "கொட்டிட்டு மூடி போட்டா மட்டும் பத்தாதுங்க அம்மிணி, உள்பக்கத்த நல்லா தேச்சுக் கழுவோணும்" என்றார். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்குமாம், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாராவாரம் வருவதுதான் சரி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தோட்டத்துச் சாளையில் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தாழி, தறி செட்டுக்குப் பின்னால் கிடந்த டயர், எதையும் விடவில்லை. கழுவ முடியாத பெரிய தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. காய்ச்சல்காரர் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள், இது ரொம்பப் பெரிய விஷயம்.

புகை வண்டிதான் வீண். நன்றாக இருட்டிய பிறகு பேனரோடு வரும், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. அதுவும் ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு, வீட்டுக்குள் கட்டிலடியிலும் துணிக்குள்ளும் ஒளிந்திருப்பது, அதற்கு ராத்திரியில் தெருவில் புகை போட்டு என்ன பிரயோசனம்? டெங்கு வந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து, காலையிலோ பொழுது சாய்வதற்கு முன்போ அடித்தால் அர்த்தம் உண்டு.

இன்னொரு குறை, மனசுக்குக் கஷ்டமான குறை. வெளி மாநிலத்துப் பிள்ளைகள் குடியிருக்கும் லைன் வீடுகள் இவர்கள் பட்டியலிலேயே இல்லை. பத்துக் குடும்பத்துக்கு ஒரே தொட்டி, முதலில் போக வேண்டிய இடமே அதுதான். கேட்டால் "கிராமத்துக்கு மட்டும்தான்" என்கிறார்கள். அவர்களும் இந்தக் கிராமத்தில்தானே இருக்கிறார்கள்?

இதையெல்லாம் தயங்காமல் கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய 3 வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும், நோய்த் தடுப்பும் அதில் சேர்த்தி. பக்கத்து ஊராட்சிகளில் மில்லை அணுகுகிறவர்கள் புகை வண்டி கேட்காதீர்கள். வீடு வீடாகப் போக ஆள் கேளுங்கள், லைன் வீடுகளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொடுத்துவிடுங்கள்.