புரோஸ்டேட் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கால்குலேட்டரில் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்

அப்பாவுக்கு 68 வயது, அரசு பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிரிப் முடியும்வரை அடக்கியே பழகிய ஆள் என்பதாலோ என்னவோ, இராத்திரி நாலு தடவை எழுந்து போவதை மாசக்கணக்கில் யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். புரோஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, வீங்கியிருக்கிறதா என்று பார்க்க எங்கள் டாக்டர் அடிவயிற்று ஸ்கேன் எழுதி, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான் சீட்டில் இருந்தது. ஸ்கேன் சென்டர் பெயரைப் போடவில்லை, போட்டால் வம்பு.

ரிசப்ஷனில் "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்கய்யா, முட்டினா சொல்லுங்க" என்றார்கள். பத்தேகாலுக்கே சொல்லிவிட்டார். டாக்டர் வந்துகொண்டே இருக்கிறாராம். பதினொன்றே முக்கால்வரை காலைப் பின்னிக்கொண்டு, வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது" என்ற போர்டையே முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தாங்கவில்லை.

ஸ்கேன் என்னவோ அஞ்சு நிமிஷம்தான், சில்லென்று ஜெல், வயிற்றில் லேசாக அழுத்தம், வலியே கிடையாது. அப்புறம் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னவர்கள், உள்ளே போன ரெண்டாவது நிமிஷமே கதவைத் தட்டி "சீக்கிரம் வாங்க, அடுத்த பேஷண்ட் நிக்கிறாங்க" என்றார்கள். மனுஷன் பாதியில் வந்தார்.

அதோடு விட்டார்களா? "கிளியரா தெரியல, உள்ள விட்டுப் பார்க்கணும், 1,800 ரூபாய்" என்றார்கள். "எங்கடா விடப்போறாங்க?" என்று அப்பா கேட்டார், எனக்கும் தெரியவில்லை. ஆசனவாய் வழியாக விரல் பருமனில் ஒரு கருவியை விட்டுப் பார்ப்பது அது. ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும், கருவிக்குப் புது உறை மாட்டி ஜெல் தடவுவார்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் சங்கடமாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. சில இடங்களில் முன்னாடியே எனிமா கொடுப்பார்கள். இதெல்லாம் பிற்பாடு எங்கள் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அங்கே கேட்டதெல்லாம் "திரும்பிப் படுங்க, வேட்டியைத் தளர்த்துங்க" மட்டும்தான். வெளியே வந்த அப்பா வீடு போகிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து, அது முடிந்த கையோடு "பேக்கேஜ்ல வருது" என்று பி.எஸ்.ஏ.வுக்கு (புரோஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கிற ஒரு புரதத்தின் அளவு) ரத்தமும் எடுத்தார்கள். உள்ளே கருவி விட்டுப் பார்த்த உடனே எடுத்தால் அந்த அளவு கூடுதலாகக் காட்டலாம், ரத்தம் எடுப்பதானால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் புரோஸ்டேட் 62 சி.சி., மிச்சம் நின்ற சிறுநீர் 190 மில்லி என்று இருந்தது. கவுண்டரில் இருந்தவர் அதை நீட்டும்போதே "ஆபரேஷன்தான் சார், நம்ம சர்ஜன் சாயங்காலம் இருக்கார், டோக்கன் போட்டுடவா?" என்றார். வீட்டில் எடுத்துப் பார்த்தேன். புரோஸ்டேட்டின் நீள, அகல, உயரம் சென்டிமீட்டரில் 4.6, 4.4, 4.0 என்று மூன்று அளவு போட்டிருந்தது. மூன்றையும் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கினால் வருவதுதான் புரோஸ்டேட்டின் அளவு என்று நெட்டில் படித்து, போன் கால்குலேட்டரில் போட்டால் 42 வருகிறது. 62 எங்கிருந்து வந்தது? போன் பண்ணினால் "டைப்பிங் மிஸ்டேக் சார், வேற பிரிண்ட் தரோம்" என்கிறார்கள், ஏதோ கல்யாணப் பத்திரிகையில் இன்ஷியல் மாறின மாதிரி.

எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார் என்பதைத்தான் முதலில் கேட்டார். பை அளவுக்கு மீறி நிரம்பினால் முழுசாக வெளியேறாது, மிச்சம் அதிகமாகத்தான் தெரியுமாம். வேறு இடத்தில், சாதாரணமாக முட்டும் நேரத்தில் எடுத்து, நிதானமாகப் போய்விட்டு வரச் சொல்லிப் பார்த்தார்கள். மிச்சம் 35 மில்லி, புரோஸ்டேட் 40 சி.சி. வீக்கம் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார். பி.எஸ்.ஏ.வைச் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

சீட்டில் எழுதாத எதையாவது செய்கிறோம் என்று ஸ்கேன் சென்டரில் சொன்னால், டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன். அந்த 1,800ஐத் திருப்பிக் கேட்டேன், "டெஸ்ட் பண்ணியாச்சே சார்" என்றார்கள். அப்பா இப்போது ரெண்டு தடவைதான் எழுந்திருக்கிறார், ஆனால் ஸ்கேன் என்று சொன்னாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்.