எம்.இ. படிக்க கிண்டியா, காரைக்குடியா?

பி.இ. முடித்த நம்ம செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு எம்.இ. என்றதும் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரிதான் கண்ணில் நிற்கிறது. நியாயம்தான். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி; கம்பெனிகள் தேடி வரும். ஆனால் சென்னைச் செலவு கையைக் கடிக்கும்.

காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1952-இல் தொடங்கிய கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. கட்டணம் குறைவு, வீட்டுச் சாப்பாடு. அப்புறம், பலரும் மறந்துவிடுவது: பக்கத்திலேயே சிக்ரி. பேட்டரி, துருப்பிடித்தல், முலாம்பூச்சு என மின்வேதியியலுக்கே ஆன மத்திய ஆய்வகம். கடைசி செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்ட்தான். பேட்டரி பற்றி எடுப்பவர் வழிகாட்டி மூலம் அங்கே அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஆய்வில் ஆசை இருந்தால் என் ஓட்டு காரைக்குடிக்கே.

எங்கே சேர்ந்தாலும் சரி, எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை எழுதிவிடுங்கள். தகுதி பெற்று முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் தருகிறது.