தில்லியிலிருந்து சோப்தா, துங்கநாத்: சிக்கன மலையேற்றத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

தில்லியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வசந்த கால விடுமுறை என்பது, ஆண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் அடுத்த வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் சில நாள்கள்தாம். அதற்குள் ஊருக்குப் போய் வரலாம் என்றால், ரயிலிலேயே மூன்று நாள் கழிந்துவிடும். இமயமலை அடிவாரமோ ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. மயூர் விகாரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மார்ச் கடைசி வாரத்தில், தில்லியிலிருந்து மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்லும் நிறுவனம் ஒன்றில் உத்தராகண்டில் உள்ள தேவரியா தால் ஏரி, சோப்தா, துங்கநாத் கோயில், அதற்கு மேலுள்ள சந்திரசிலா சிகரம் ஆகியவற்றுக்கான பயணத்துக்கு முன்பதிவு செய்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே விலைக்கு இதே பாதையில் அழைத்துச் செல்வோர் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போகும் நிறைகுறைகளும் பெரும்பாலும் அந்த விலைக்கே உரியவை.

விளம்பரத்தில் இருந்த கட்டணம் ஆளுக்கு 8,500 ரூபாய். பணம் செலுத்தும் பக்கத்தில் அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தது. வழியில் சாப்பிடும் உணவு நம் செலவு. பையைச் சுமக்கக் கோவேறு கழுதை வேண்டுமானால் தனிக் கட்டணம். பனியில் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை தனி வாடகை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்குப் பதினோராயிரத்தை நெருங்கியது. அப்படியும் இது மலிவுதான். அந்த மலிவுக்குக் காரணம் நிறுவனத்தின் தாராளம் அன்று, பருவம். ரிஷிகேஷிலிருந்து கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்களும் ருத்ரப்பிரயாகை வரை இதே நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். கோயில்கள் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ திறந்தவுடன் அந்த வழியில் அறை வாடகையும் வண்டி வாடகையும் ஏறிவிடும். மார்ச்சில் போகிறவருக்கு விடுதிகள் காலியாகவும், சாலை ஓரளவு நெரிசலின்றியும் கிடைக்கின்றன.

பெரிய குறை சாலையில்தான் தொடங்குகிறது. இரவு ஒன்பது மணிக்குக் காஷ்மீரி கேட்டில் டெம்போ டிராவலரில் ஏறினால், விடிவதற்குள் ரிஷிகேஷ். அங்கே முகம் கழுவித் தேநீர் குடித்ததும் மறுபடி வண்டி. பிறகு தேவப்பிரயாகை, ஸ்ரீநகர் (காஷ்மீரில் உள்ளது அன்று, உத்தராகண்டில் உள்ளது), ருத்ரப்பிரயாகை வழியாக நாள் முழுவதும் வளைவுகளில் ஏறி, மாலையில் சாரி கிராமம். இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநரே பகல் முழுவதும் ஓட்டினார் என்பதை எவ்வளவு மலிவான கட்டணமும் நியாயப்படுத்தாது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அலகநந்தை ஆற்றின் பள்ளம் என்று போகும் சாலையில், அவர் கண்ணாடியை இறக்கிக் குளிர்ந்த காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டியதைக் கண்ட பிறகு, எங்களில் ஒருவர் மாற்றி மாற்றி முன் இருக்கையில் அமர்ந்து அவரோடு பேசிக்கொண்டே வந்தோம். ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்துவதற்காக நிறுவனம் செய்த ஏற்பாடு இது. ரிஷிகேஷில் ஓர் இரவு தங்க வைத்து ஆளுக்கு எழுநூறோ எண்ணூறோ கூடுதலாகக் கேட்டிருந்தால், முணுமுணுக்காமல் கொடுத்திருப்போம்.

இந்த அவசரத்தில் தவறிப்போனவையும் உண்டு. தேவப்பிரயாகை, பாகீரதியும் அலகநந்தையும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் கண்டமென்னும் கடிநகர் அதுவே. வண்டியிலிருந்த பெரியவர்கள் படித்துறையில் இறங்க அரை மணி நேரம் கேட்டும் கிடைக்கவில்லை. மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்னும் சிற்றூரில் அகத்தியருக்குக் கோயில் இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த வண்டி அதையும் கண்ணாடி வழியாகவே பார்த்துக் கடந்தது.

மலையில் இறங்கியபின் நிலைமை தலைகீழாக மாறியது. சேவையின் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சாரியில் தங்கிய வீட்டில் முதல் இரவு போட்ட சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மண்டுவா ரொட்டி என்றும் கஹத் பருப்பு என்றும் சொல்லி வைத்தார்கள். ஒரு வாய் போட்டதுமே அது கேழ்வரகு, இது கொள்ளு என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். கொள்ளை நன்றாகக் குழைய வேகவைத்து, நெய்யில் சீரகமும் பூண்டும் தாளித்திருந்தார்கள். புளி இல்லாத கொள்ளு ரசத்தை நினைவூட்டும் ருசி. விறகடுப்பில் சுட்ட ரொட்டியின் ஓரம் கருகியிருந்தது, நடு மெத்தென்று இருந்தது. இதே நிறுவனம் சோப்தா கூடாரத்தில் கொடுத்த ராஜ்மாவும் சோறும் வயிற்றை நிரப்பின, அவ்வளவுதான். பட்டியலில் “மூன்று வேளை சைவ உணவு” என்று பொதுவாகப் போடாமல், சாரியில் உள்ளூர்ச் சமையல் கிடைக்கும் என்று அவர்கள் எழுதலாம்.

சாரியிலிருந்து தேவரியா தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பத்து வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். காற்று இல்லாத காலை வேளையில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம், ஏரி நீரில் தலைகீழாகத் தெரியும். வழி நெடுகிலும் புராஸ் மரங்கள் செக்கச்செவேலெனப் பூத்திருந்தன. உத்தராகண்டின் மாநில மரம் இது. நீலகிரிச் சோலைகளில் பூக்கும் காட்டுப் பூவரசும் இந்த இனமே. இந்தப் பூவுக்காகத்தான் மார்ச்சில் போக வேண்டும். கோயிலுக்காகப் போகிறவர்கள் வேறு மாதம் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பஞ்ச கேதாரங்கள் என்னும் ஐந்து சிவாலயங்களுள் ஒன்றான துங்கநாத் குளிர்காலம் முழுவதும், மார்ச்சிலும், நடை சாத்தியிருக்கும், உற்சவ மூர்த்தி அப்போது மக்குமட் என்னும் ஊரில் இருப்பார். விளம்பரத்தில் “துங்கநாத் தரிசனம்” என்று போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது முறையன்று. எங்கள் குழுவில் ஓர் அம்மா பூசைப் பொருள்களோடு வந்திருந்தார்.

வழிகாட்டி அந்தப் பகுதியைச் சேர்ந்த இளைஞர். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அவருடையது. சோப்தா சுமார் 2,700 மீட்டர், துங்கநாத் 3,680, சந்திரசிலா கிட்டத்தட்ட 4,000. ஒரே காலையில் 1,300 மீட்டர் ஏறுவது சமவெளியிலிருந்து வந்த உடம்புக்குச் சாதாரண வேலை அன்று. முந்தைய இரவே ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். விடியுமுன் கிளம்பும்போது டார்ச் வெளிச்சத்தில் குனிந்து, ஒவ்வொருவர் காலணியிலும் முள்பட்டையின் ரப்பரைத் தம் கையால் இழுத்துப் பார்த்தார். என் மகளுடையது தளர்ந்திருந்ததால் கழற்றி வேறு மாற்றினார். கல் பாவிய பாதை பனியில் மூழ்கியிருந்த இடங்களில் தடியால் குத்திப் பார்த்த பிறகே காலை வைக்கச் சொன்னார். கோயிலை அடைந்தபோது எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்குத் தலைவலியும் குமட்டலும் தொடங்கின. அவர் மேலே வர ஆசைப்பட்டார். “அக்கா, ஏறினால் கூடும், இறங்கினால் குறையும். இறங்குங்கள்” என்று சொல்லி வழிகாட்டி அவரை உதவியாளரோடு உடனே கீழே அனுப்பிவிட்டார். சோப்தாவில் நாங்கள் பார்த்தபோது அந்தப் பெண் மேகி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூடாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூவருக்கு ஒன்று, நெருக்கம்; உறங்கும் பை சுத்தமாக இருந்தது; ஒரு வாளி வெந்நீருக்குத் தனிக் காசு. சோப்தாவில் சூரிய ஒளி மின்சாரத்தையே நம்பியிருக்க வேண்டும் என்பதால் செல்பேசிக்குப் பவர்பேங்க் கொண்டு போகவும். காலணியை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஈரம் காயாத பிறர் காலணியில் பனியேறுவது வேதனை.

இதையே சொந்தமாக ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். தில்லியிலிருந்து ரிஷிகேஷுக்கு அரசுப் பேருந்து, அங்கே ஓர் இரவு, அதிகாலையில் சாரிக்கு அருகிலுள்ள ஊகிமட் பக்கம் போகும் பேருந்து அல்லது பங்கு ஜீப், சாரியில் வீட்டுத் தங்கல், அங்கேயே நால்வர் சேர்ந்து ஒரு வழிகாட்டி: ஒரு நாள் கூடினாலும் செலவு இந்தத் தொகுப்பைவிடக் குறைவாகவே வருகிறது, தூக்கமும் கெடாது. இந்தி பேசத் தெரிந்த, ஒரு முறையாவது மலைக்குப் போன குடும்பத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். தனியாகச் செல்லும் பெண்களும், முதல் முறை பனியில் நடப்பவர்களும் குழுவோடு போகலாம். பணம் கட்டுமுன் இரண்டு ஓட்டுநர்கள் வருவார்களா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கவும்.

பணத்தைத் திரும்பப் பெறுவதும் எழுத்தில் இருக்க வேண்டியதே. எங்களோடு வரவிருந்த ஒருவர் காய்ச்சலால் கடைசி வாரத்தில் விலகியபோது, அவருக்குப் பணத்துக்குப் பதிலாக ஓராண்டு செல்லும் கூப்பன் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அது வேறொருவர் பெயருக்கு மாறாது. மே, ஜூன் மாதப் பயணங்களுக்கும் செல்லாது.