கமாவா, ஃபுல்ஸ்டாப்பா, செமிகோலனா?

அக்கா மகள் வேலைக்கு எழுதிய ஆங்கில மெயிலைக் கொஞ்சம் பார்த்துத் தரச் சொன்னாள். முதல் வரியே 'டியர் சார்;' என்றிருந்தது. சார் பக்கத்தில் பிரிட்டிஷ் வழக்கில் கமா வரும், அமெரிக்க அலுவலகக் கடிதத்தில் கோலன் வரும். செமிகோலன் எந்த ஊரிலும் வராது. ஏன் போட்டாய் என்றால், "கமாவைவிட மரியாதையாத் தெரிஞ்சுது மாமா" என்கிறாள்.

குழப்பத்துக்கு நம் பெயர்களும் ஒரு காரணம். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று மூச்சை அளந்து வைத்திருக்கிறோம். 1490களில் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்தில் செமிகோலன் பிறந்தபோது, அதுவும் கமாவுக்கும் கோலனுக்கும் நடுவே நிற்கும் ஒரு நிறுத்தம்தான். இன்றைய ஆங்கிலத்தில் மூச்சுக் கணக்கு உதவாது. இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அவள் மெயிலுக்கு வெளியே ஓர் உதாரணம்: 'த பஸ் வாஸ் லேட், ஐ டுக் அன் ஆட்டோ.' தமிழில் "பஸ் வரல, ஆட்டோல போனேன்" என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அது பிழை. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் கமா மட்டும் சேர்த்துப் பிடிக்காது. கூடவே ஒரு 'சோ' வேண்டும். ஃபுல்ஸ்டாப் வைத்தால் பிழையே இல்லை, ஆனால் தந்தி வாசித்த மாதிரி இருக்கும். செமிகோலன் வைத்தால் 'அதனால்' என்ற சொல்லை எழுதாமலே சொல்லிவிடலாம். எனக்கு இங்கே அதுதான் பிடிக்கும். மறக்காமல், அடுத்த வார்த்தை சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். 'ஐ' மட்டும் எப்போதும் பெரிய எழுத்துதான்.

கோலனோடுதான் உண்மையான போட்டி. 'ஷி ஹேஸ் ஒன் ஃபியர்: லிஃப்ட்ஸ்.' கோலனுக்கு இடப்பக்கம் முழு வாக்கியம் இருந்தால் போதும், வலப்பக்கம் ஒற்றைச் சொல்கூட வரலாம். இங்கே செமிகோலன் போட்டால் தப்பு. அதற்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும்.

அதிகம் சறுக்குவது 'ஹவெவர்' வரும் இடம். 'த பஸ் வாஸ் லேட்; ஹவெவர், ஐ ரீச்டு ஆன் டைம்.' முன்னால் செமிகோலன், பின்னால் கமா. இரண்டு பக்கமும் கமா போடுகிறவர்கள்தான் அதிகம். அதே இடத்தில் 'பட்' வந்தால் முன்னால் ஒரு கமாவே போதும்.

பட்டியலில் மட்டும் முழு வாக்கிய விதி தளரும். 'மதுரை, தமிழ்நாடு, கொச்சி, கேரளா, மைசூர், கர்நாடகா' என்பதில் எல்லாமே கமாவாக இருந்தால் ஆறு ஊர் என்று எண்ணிவிடுவார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே செமிகோலன் வைத்தால் மூன்று என்று தெரியும்.

டேஷ் வாட்ஸ்அப்புக்குச் சரி. வேலை மெயிலில் நான் தவிர்ப்பேன்.

கடைசியில் 'டியர் சார்' பக்கம் கமா வந்தது. மெயிலில் இருந்த ஏழு செமிகோலன்களில் ஒன்றுதான் தப்பியது, அவள் வேலை பார்த்த மூன்று ஊர்களின் பட்டியலில் இருந்தது. மூன்று ஊருக்கு நடுவே இரண்டு வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் இரட்டைப் பிள்ளையாக இன்னொன்றையும் சேர்த்தேன்.